சாவி சாவியாகக் கேட்க வேண்டும்

கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுகிறார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். நமக்குக் கேட்பது ஒரு கைதட்டல், அவ்வளவுதான். அவருக்கோ அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்புவதும், வழியில் ஜன்னல் கண்ணாடி கூடச் சேர்ந்து கிணுகிணுப்பதும் தனித்தனியாகக் கேட்கிறது. "அந்தத் துணி பீரோவத் தொறந்து வைங்க" என்கிறார். கணவர் எழுந்து போய் மூலையில் நிற்கும் பீரோவின் இரண்டு கதவுகளையும் அகலத் திறக்கிறார். மறுபடி ஒரு கைதட்டல். "ம். இப்ப சரி. மிச்சத்தத் துணி குடிச்சிருச்சு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மூன்றாம் மாடி வீட்டில் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் காதுக்காரம்மா. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. வார நாட்களில் ஆஸ்பத்திரியின் செவிப் பரிசோதனை அறையில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு மெல்லிய ஓசைகளை அனுப்பி, கேட்டதா கேட்கவில்லையா என்று வரைபடத்தில் குறிப்பார். இருபத்து நான்கு வருடங்களாக இதே வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் கேட்கிற இடத்துக்கு அவரே வந்துவிடுகிறார். புத்தக அலமாரியில் அடங்கிவிடும் சின்ன ஸ்பீக்கர் ஜோடிகளை, அதிலும் கடையில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றை மட்டும், வீட்டில் வைத்துக் கேட்டு ஒரு மாத இதழில் ஒரு பக்கம் எழுதுகிறார்.

விலை உயர்ந்தவற்றை ஏன் தொடுவதில்லை என்று கேட்டேன். "அதப் பத்திப் பேச ஆயிரம் வாய் இருக்கு. மொத மொதல்ல ஸ்பீக்கர் வாங்குறவங்க பாவம், கடைக்காரர் வாயத்தான் நம்பணும். அவங்களுக்கு ஒரு காது வேணாமா?"

நான் முதலில் அவரிடம் போனது எழுதுவதற்காக அல்ல. என் வீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, யாரோ கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கிறது என்று புகார் சொல்லப் போனேன். அவர் பையைத் திறக்கவே இல்லை.

"வீட்டுல எங்க வெச்சிருக்கீங்க?"

"அலமாரியில, மேல் தட்டுல."

"பின்னாடி?"

"சுவருதான்."

"எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க?"

"இடமே இல்ல. ஒட்டித்தான் இருக்கு."

"அப்புறம் அது எப்படி மூச்சு விடும்? பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அது அதுக்கு மூக்கு. மூக்க சுவத்தோட அமுக்கி வெச்சுட்டு, குரல் சரியில்லன்னு சொன்னா?" உள்ளே போய்க் கணவரின் காலுறை ஒரு ஜோடியைக் கொண்டுவந்து நீட்டினார். "தொவைச்சதுதான், பயப்படாதீங்க. காது உசரத்துக்கு எறக்கி, சுவத்த விட்டு ரெண்டு சாண் தள்ளி வைங்க. எடம் இல்லன்னா இதச் சுருட்டி ஓட்டையில சொருகுங்க. அலமாரி ஸ்பீக்கர்னு பேரு வெச்சுட்டாங்கங்கறதுக்காக அலமாரியிலதான் வைக்கணும்னு சட்டமா என்ன?" அன்று முதல் என் ஸ்பீக்கர்கள் காலுறை அணிந்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பாட்டு கிணற்றை விட்டு ஏறி வந்துவிட்டது.

அவர் வீட்டில் ஸ்பீக்கர்கள் தடித்த அகராதிகளின் மேல் நிற்கின்றன. எப்போதும் இரண்டு ஜோடி. ஒன்று புதிது, மற்றது ஒப்பிட்டுப் பார்க்கப் பழகியது. அவற்றுக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பு திரைபோலத் தொங்கும். எந்த ஜோடி ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்க வேண்டும். அதற்கென்று ஒரு மானி வைத்திருக்கிறார். "சத்தமா இருக்கறது நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். கடையில ஏமாத்துறது அங்கதான். ஒரு திருகு ஏத்தி வெச்சுட்டா நாமளே 'ஆகா'ன்னுருவோம்."

விரிப்புக்குப் பின்னால் உட்கார்ந்து விசையை மாற்றிப் போடுவது கணவரின் பொறுப்பு. அவர் லிஃப்ட் மெக்கானிக். வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படியே. "ஒண்ணு", "ரெண்டு" என்று சொல்வதைத் தவிர அங்கே அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை புது ஜோடி ஒலிக்கும்போதெல்லாம் தன்னை அறியாமல் செருமிவிட்டாராம். அன்றைய சோதனை முழுவதையும் காதுக்காரம்மா ரத்து செய்துவிட்டார்.

பாட்டைக் கடைசியில்தான் போடுகிறார். "பாட்டு ஏமாத்தும்ங்க. புடிச்ச பாட்டு ஓடுனா எந்த டப்பாவும் நல்லாத்தான் இருக்கும்." முதலில் வருவது, வீட்டிலேயே பதிவு செய்த மூன்று ஒலிகள். சாவிக்கொத்து ஒரு பீங்கான் தட்டில் விழுவது. பால்கனித் தகரத்தில் மழை பெய்வது. மூன்றாவது கணவரின் குரல். எதையாவது வாசியுங்கள் என்று சொன்னபோது அவர் கைக்குக் கிடைத்ததை எடுத்து வாசித்துவிட்டார்: "ஆறு பேருக்கு மேல் ஏற வேண்டாம். கதவில் சாய்ந்து நிற்காதீர்கள். இடையில் நின்றுவிட்டால் பதற்றப்படாமல் மணியை அழுத்தவும்." இதுவரை எழுபது ஜோடி ஸ்பீக்கர்களாவது இந்த லிஃப்ட் அறிவிப்பைச் சொல்லித் தேர்வு எழுதியிருக்கும்.

"இவரு குரல் எனக்கு இருபத்தேழு வருஷமாத் தெரியும். கொஞ்சம் மாறுனாலும் கண்டுபுடிச்சுருவேன்" என்கிறார். அவருடைய குறிப்பேட்டில் தீர்ப்புகள் இப்படி இருக்கும்: 'இவருக்குச் சளி.' 'இவர் வாளிக்குள் தலையை விட்டிருக்கிறார்.' 'மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.' எப்போதாவது ஒருமுறை, 'இவர்தான்.' அந்த ஒரு சொல் கிடைத்த ஸ்பீக்கர் இதுவரை ஒன்பது. கணவருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. "என் தொண்டையில இத்தன வியாதி இருக்குன்னு எந்த டாக்டரும் சொன்னதில்லைங்க."

போன வருடம் ஒரு மரவேலைக்காரரின் ஸ்பீக்கர் அந்த வீட்டுக்கு வந்தது. மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவர் அவர். ஆசைப்பட்டு ஸ்பீக்கர்ப் பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, வீட்டோடு சேர்ந்த பட்டறையில் தானே நாற்பது ஜோடி செய்திருந்தார். இருந்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தார். விலையும் குறைவு. காதுக்காரம்மா கேட்டார், கணவரின் குரல் நன்றாகவே வந்தது. ஆனால் சாவியும் மழையும் அவருக்குப் பிடிக்கவில்லை. 'கீச்சென்ற மேல் ஒலிகள் மழுங்கல். கம்பளி போர்த்தியதுபோல இருக்கிறது. வாங்க வேண்டாம்' என்று எழுதினார். இதழில் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. பெட்டிக்காரர் நின்றிருந்தார், இரண்டு ஸ்பீக்கரையும் குழந்தைகளைப்போல இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"சண்டை போட வரலைங்க" என்றார் அவர், செருப்பைக் கழற்றும்போதே. "வேணும்னு சொல்லியிருந்தவங்க இருபத்தாறு பேரு, வேணாம்னுட்டாங்க. எல்லாரும் நீங்க எழுதுன பக்கத்தத்தான் காட்டுறாங்க. என் காதுக்கு அது மழுங்கலாத் தெரியல. என் முன்னாடி ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க. அப்பவும் மழுங்கல்னா, நான் மறுபடி மேசை நாற்காலி செய்யப் போயிடறேன்."

வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். காதுக்காரம்மாவுக்கு உற்சாகம்தான் வந்தது. "தாராளமா. ஆனா நீங்க சமையலறையில இருக்கணும். உங்க மூஞ்சப் பாத்தா என் காது கெட்டுப்போகும்." கூடுதலாக ஒரு காது இருக்கட்டும் என்று மேல் மாடி வீட்டு நீச்சல் பயிற்சியாளரையும் கூப்பிட்டார். அவர் முப்பது வயதுப் பெண். ஸ்பீக்கர் பற்றி ஒன்றும் தெரியாது. குளத்திலிருந்து நேராக வந்தவர், கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கொடுத்து, என்ன தோன்றுகிறதோ அதை எழுதச் சொன்னார்.

விரிப்பு தொங்கியது. பின்னால் ஒன்று பெட்டிக்காரரின் ஜோடி, இரண்டு கடைகளில் நன்றாக விற்கும் ஒரு ஜோடி; எது எது என்று அப்போது கணவருக்கு மட்டும்தான் தெரியும். "ஒண்ணு" என்றார் கணவர். சாவி விழுந்தது. "ரெண்டு." சாவி விழுந்தது. இப்படிப் பன்னிரண்டு தடவை. பிறகு மழை. காதுக்காரம்மா சரசரவென்று எழுதினார். ஒன்று மழுங்கல், இரண்டு தெளிவு. பன்னிரண்டு தடவையும் தடுமாற்றமே இல்லை. எழுதி முடித்துத் தாளைக் குப்புற வைத்தார்.

பயிற்சியாளரின் தாளில் வேறு கதை இருந்தது. "ஒண்ணுல சாவி சாவியாக் கேக்குது. ரெண்டுல கண்ணாடி உடையற மாதிரி குத்துது. மழையிலயும் ஒண்ணுதான் எனக்குப் புடிச்சுது. பின்னாடி அந்தப் பூச்சி கத்துறதுகூட அதுல தனியாத் தெரியுது."

"எந்தப் பூச்சி?" என்றார் காதுக்காரம்மா.

"மழைக்குப் பின்னாடி, எடது பக்கமா. விட்டு விட்டுக் கத்துதே?"

விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து, பேசக் கூடாத கணவர் தயங்கித் தயங்கிப் பேசினார். "ஆமா. சில்வண்டு. அது எப்பவும் இருக்குமே."

அம்மா மழையை மறுபடி போடச் சொன்னார். கேட்டார். இன்னும் ஒருமுறை போடச் சொன்னார். ஸ்பீக்கருக்கு அருகில் போய்க் குனிந்து கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய், எட்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துவந்தார். அந்த மழையைப் பதிவு செய்த நாளில் அவர் கையால் எழுதிய வரி அதில் இருந்தது: 'தகரத்தில் மழை. இடது ஓரம் ஒரு சில்வண்டு. தெளிவு.' அதை வாய்விட்டு வாசித்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு திகைப்பு, தன் வீட்டிலேயே ஒரு அறை காணாமல் போனதைப்போல.

"அழுக்கா இருக்கும்மா" என்றார் கணவர். "எண்ணெய விட்டு எடுத்தா சரியாப் போயிடும்."

"காதுல எண்ணெய விடாதீங்கன்னு இருபத்து நாலு வருஷமா ஊருக்கே சொல்றேன், எனக்கேவா?" என்று அவரை அடக்கிவிட்டு, சமையலறையைப் பார்த்து, "வாங்க, வெளியில வாங்க" என்று பெட்டிக்காரரைக் கூப்பிட்டார். "ஒரு வாரம் டைம் குடுங்க. உங்க ஸ்பீக்கர் இங்கயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை அவர் தன் ஆஸ்பத்திரி அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். வெளியே கருவியின் முன் அவரிடமே வேலை கற்று இப்போது உடன் வேலை பார்க்கும் பெண். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஓசை வரும் என்ற தாளம் அம்மாவின் விரலுக்கே தெரியும். கேட்காவிட்டாலும் பொத்தானை அழுத்திவிடுவார். "தாளத்த மாத்தி மாத்திக் குடு. என்னையே ஏமாத்து" என்று சொல்லிவிட்டுத்தான் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டார். அதற்கு முன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாயிற்று. அழுக்கு கிழுக்கு எதுவும் இல்லை. வரைபடம் பேச்சொலிகள் இருக்கும் பகுதியில் நேராகப் போய், அதற்கு மேல், கீச்சென்ற ஒலிகளின் பகுதியில், படிக்கட்டில் கால் தவறியதுபோல இறங்கியது. இரண்டு காதிலும், வலதில் கொஞ்சம் அதிகம்.

"கடைசியா எப்பக்கா பாத்தீங்க?" என்று கேட்டாளாம் அந்தப் பெண். ஆறு வருடம் ஆகியிருந்தது. மற்றவர்களை வருடா வருடம் வரச் சொல்லும் வாய்தான் அதைச் சொன்னது.

நடந்தது என்னவென்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. குறைந்த விலை ஸ்பீக்கர் செய்கிறவர்கள் பலரும், கடையில் பளிச்சென்று கேட்பதற்காக மேல் ஒலிகளைத் தூக்கி வைப்பார்கள். அந்தத் தூக்கலில் அவர் காதின் குறை அவருக்கே தெரியாமல் மறைந்திருந்தது. பெட்டிக்காரர் எதையும் தூக்காமல், உள்ளதை உள்ளபடி விட்டிருந்தார். நேர்மையாக இருந்த அந்த ஒரு ஜோடிதான் மழுங்கல் என்று பெயர் வாங்கியது.

அன்று மாலை அவர் இதழின் ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஆசிரியர் விஷயத்தைக் காதும் காதும் வைத்ததுபோல முடிக்கப் பார்த்தார். "மறுபடி கேட்டோம், நல்லா இருக்குன்னு ரெண்டு வரி போட்டுடலாம்மா. உங்க காதப் பத்தி எதுக்கு? அந்தப் பக்கமே உங்க காதுதானே?"

"அதனாலதான் சொல்லணும். மழுங்குனது அவரு ஸ்பீக்கர் இல்ல, நான். தப்பு யாருதுன்னு போடாம எப்படிங்க திருத்தம் போடுறது?"

"நாளைக்கு யாராவது, காது சரியில்லாதவங்க ஸ்பீக்கர் பத்தி எழுதலாமான்னு கேட்டா?"

"கண்ணாடி போட்டவங்க புத்தகத்தப் பத்தி எழுதலையா? எது வரைக்கும் தெரியுதுன்னு தெரிஞ்சா போதும். அதுக்கு மேல என் காது சாட்சி சொல்லாது. வேற காத வெச்சுக் கேட்டு, வேற காதுன்னு சொல்லியே எழுதுவேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க, எனக்கு வருத்தமில்ல." கணவர் சொன்ன இன்னொரு தகவல்: தொலைபேசியை வைத்த பிறகு பால்கனியில் போய்க் கால் மணி நேரம் நின்றிருந்தாராம். பிறகு வந்து துணி மடித்தாராம்.

அடுத்த இதழில் பக்கத்தின் தலையில் ஸ்பீக்கர் படம் இல்லை. அவருடைய காதின் வரைபடம் இருந்தது, தேதியோடு. கீழே முதல் வரி: 'போன மாதம் நான் ஒரு நல்ல ஸ்பீக்கரைப் பற்றித் தவறாக எழுதினேன். காரணம் இந்தப் படத்தில் இருக்கிறது.' ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிக் கிண்டலாக நான்கைந்து கடிதங்கள் வந்தன. அவற்றை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் காது வரைபடத்தை அனுப்பி, எனக்கு எந்த ஸ்பீக்கர் சரிப்படும் என்று கேட்டவர்கள் முப்பதுக்கு மேல். பெட்டிக்காரரை விட்டுப் போன இருபத்தாறு பேரில் பதினேழு பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வேறு வாங்கிவிட்டார்கள். அந்த ஒன்பது பேரின் கணக்கை அம்மா மறப்பதில்லை. யாராவது அவரைப் புகழ்ந்தால் உடனே, "ஒம்போது போச்சு" என்கிறார்.

அதற்காக அவர் குரல் தணிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சில மாதம் கழித்துப் பெட்டிக்காரர் தன் இரண்டாவது மாதிரியைக் கொண்டுவந்தார், இந்தமுறை சிரித்துக்கொண்டே. லிஃப்ட் அறிவிப்பு பாதி ஓடுவதற்குள் அம்மா கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. 'ஆறு பேருக்கு'ன்னு இவரு கீழ எறங்குற எடத்துல என்னமோ அதிருது. வலது பெட்டி, பின்பலகை."

"வாய்ப்பே இல்லைங்க. நானே ஒட்டுனது."

"நீங்களே ஒட்டுனதுதான். தட்டிப் பாருங்க."

பெட்டிக்காரர் கவிழ்த்து, விரல் முட்டியால் ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். கீழ் மூலையில் ஓசை மாறியது. ஒரு விரல் நீளத்துக்குப் பசை பிடிக்கவில்லை. மரவேலைக்காரர் முகம் சிவந்துபோயிற்று. "இது எப்படிங்க உங்களுக்கு…"

"அது என் எல்லைக்குள்ள வர்ற எடம். அங்க என்னை ஏமாத்த முடியாது."

சென்ற சனிக்கிழமை போயிருந்தேன். புதிதாக மணமானவர்கள், இருவரும் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள், வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கப்போகும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க முடியாமல், இரண்டு ஜோடியை அவரிடம் கொண்டுவந்திருந்தார்கள். தன் கணவரின் குரலுக்கான தீர்ப்பை அம்மா நொடியில் சொல்லிவிட்டார்: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்று, 'இவர்தான்' மற்றொன்று. புது மாப்பிள்ளைக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. பிறகு சாவியும் மழையும் வந்தன. மாடி வீட்டுப் பயிற்சியாளர் ஈரத் தலையோடு இறங்கி வந்து, ஸ்பீக்கர்களுக்கு நேரெதிரில் உட்கார்ந்தார். அம்மா தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது ஸ்பீக்கர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. முகத்துக்கு முன்னால் பயிற்சியாளரின் முகம். மழை ஓடியது. அம்மா இமைக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில்வண்டு கத்திய இடத்தில் பயிற்சியாளரின் புருவம் லேசாக உயர்ந்தது. தாளைக் குனிந்து பார்க்காமலே, அம்மாவின் கை ஒரு கோடு போட்டது.